மதீராவில் ஒரு வாரம்: அம்மாவையும் மகளையும் அழைத்துப் போகலாமா?

நீங்கள் கேட்டது மேலோட்டமாகப் பார்த்தால் நாலு கேள்வி. ஈஸ்டர் விடுமுறையில் லண்டனிலிருந்து ஒரு வாரம், அட்லாண்டிக்கில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா தீவுக்குப் போனால் மழை கெடுத்துவிடுமா, கார் எடுக்க வேண்டுமா, ஒன்பது வயது மகள் விளையாடக் கடற்கரை உண்டா, நாள்வாரியாக ஒரு திட்டம் கிடைக்குமா. சென்னையிலிருந்து வரப்போகும் 66 வயது அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதையும், அவர் சுத்த சைவம் என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். என் கணக்கில் அந்தக் கடைசி வரிதான் முதல் கேள்வி. செங்குத்தான மலைத்தீவில் அம்மாவும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் பாரமாகாமல் ஒரு வாரம் இருக்க முடியுமா? முடியும். ஆனால் திங்கள் இங்கே, செவ்வாய் அங்கே என்று எழுதித் தரமாட்டேன். இந்தத் தீவில் முதலில் பாழாவது அந்த மாதிரிப் பட்டியல்தான்.

காரணம் மேகம். மதீரா ஏறத்தாழ 57 கி.மீ. நீளம், 22 கி.மீ. அகலம்தான். அதற்குள் கடல் மட்டத்திலிருந்து 1862 மீட்டர் உயர பீக்கோ ருய்வோ சிகரம் வரை ஏறிவிடுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று வடக்குக் கரையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. இந்த மேகம் பெரும்பாலும் 600 மீட்டருக்கு மேல் தொடங்கி 1500 மீட்டர் வாக்கில் முடிந்துவிடும். அதனால் நடுமலையில் தூறல் விழும்போது உச்சியில் வெயில் அடிக்கும். தெற்குக் கரையில் ஃபுன்ஷால் நகரம் மலையின் மறைவில் காய்ந்து கிடக்கும். ஃபுன்ஷாலில் ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை, மலையின் ஈரமான பகுதிகளில் அது 2000 மி.மீ.யைத் தாண்டும். போனில் ‘மதீரா வானிலை’ என்று பார்த்தால் வருவது அநேகமாக ஃபுன்ஷாலின் நிலவரமோ விமான நிலையத்தின் நிலவரமோதான். மலைக்கு அது எதையும் சொல்வதில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் அட்லாண்டிக்கிலிருந்து தாழ்வு நிலை வந்து காற்று தென்மேற்கிலிருந்து வீசினால் எல்லாம் தலைகீழாகும். அப்போது தெற்குக் கரைதான் நனையும், வடக்கு ஓரளவு தப்பும். 2010 பிப்ரவரி 20 அன்று ஃபுன்ஷாலிலும் ரிபெய்ரா பிராவாவிலும் 40 பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளம் தெற்குச் சரிவில்தான் வந்தது. ஈஸ்டர் வாரத்தில் இப்படி ஒன்றிரண்டு நாள் அமைந்தால் வியப்பில்லை. ஏழு நாளும் மழை என்பது அரிது. உங்கள் வாரம் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்பவரை நம்ப வேண்டாம். ஏப்ரலில் ஃபுன்ஷாலில் பகலில் 20 டிகிரி வாக்கில் இருக்கும், இரவில் 14 வரை இறங்கும். 1800 மீட்டர் உயரத்தில் விடியற்காலை 5 டிகிரியோ அதற்கும் கீழோ இருக்கும், காற்று வேறு அடிக்கும்.

ஆகவே தேதிக்குப் பதிலாக உயரத்தையும் திசையையும் வைத்துத் திட்டமிடுங்கள். உங்களுக்கு முழுதாகக் கிடைப்பது ஆறு நாள். அதில் இரண்டு உச்சிக்கு, ஒன்று வடக்குக் கரைக்கு, ஒன்று கிழக்கு முனைக்கு, ஒன்று ஃபுன்ஷாலுக்கு, ஒன்று சும்மா இருக்க. எந்த நாள் எதற்கு என்பதைக் காலை ஏழு மணிக்கு முடிவு செய்யுங்கள். நெட்மதீரா என்ற தளத்தில் தீவெங்கும் உள்ள கேமராக்கள் நேரலையாகத் தெரியும். பீக்கோ டோ அரியேரோ சிகரத்தின் கேமராவில் வானம் தெளிந்திருந்தால் காலை உணவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு உடனே கிளம்புங்கள். பல நாட்களில் முற்பகல் தாண்டினால் மேகம் ஏறிவிடும். வெள்ளையாக மட்டும் தெரிந்தால் கிழக்கு முனையையோ நகரத்தையோ பாருங்கள். போர்த்துகீசிய வானிலைத் துறையான ஐ.பி.எம்.ஏ. ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விட்டால் அன்று மலைப்பாதைகளை மறந்துவிடுங்கள்; பெரும்பாலும் அவற்றை மூடியே வைப்பார்கள்.

தங்குவதற்கு ஃபுன்ஷாலின் மேற்குப் பக்கமுள்ள லிடோ பகுதியைச் சொல்வேன். அழகுக்காக அல்ல, பார்க்கப்போனால் ஹோட்டல் கட்டடங்கள் நெருக்கியடித்த இடம்தான். ஆனால் கடலோரமாகச் சமமான நடைபாதை அங்கே உண்டு. பிரயா ஃபொர்மோசா வழியாக காமரா டி லோபோஸ் வரை கரையை ஒட்டியே போகலாம். முழங்கால் வலிக்காரருக்கு இந்த ஊரில் சமதரையைவிடப் பெரிய வசதி இல்லை. வாடகைத் தளங்களில் ‘மையத்திலிருந்து 600 மீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். அந்த 600 மீட்டரில் 100 மீட்டர் ஏற்றம் இருக்கலாம். பதிவு செய்யும் முன் வரைபடத்தில் அந்த இடத்தின் உயரத்தையும், தெருக்காட்சியில் வாசல்படிகளையும் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்கும்போது, தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்றும் சேர்த்துக் கேளுங்கள். பழைய நகரத்தின் கருப்பு வெள்ளைக் கல் பாவிய நடைபாதைகள் நனைந்தால் வழுக்கும். அம்மாவுக்குத் தேய்ந்த செருப்பு வேண்டாம்.

கார் தேவை, ஆனால் ஏழு நாளும் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து ஃபுன்ஷால் சுமார் 20 கி.மீ. வந்த அன்று டாக்சியில் போய்விடுங்கள், நகரத்தில் சுற்றும் நாளுக்கும் டாக்சியோ மஞ்சள் நிற நகரப் பேருந்தோ போதும். நாலு நாளைக்கு மட்டும் கார் எடுத்தால் வாடகையும் பார்க்கிங் தொல்லையும் குறையும். இங்கே பலரும் சறுக்குவது காரின் எஞ்சினில். நாலு பேர் ஏறிய, டர்போ இல்லாத ஒரு லிட்டர் எஞ்சின் கார் ஃபுன்ஷாலின் ஏற்றச் சந்துகளில் முதல் கியரிலேயே திணறும். நிறுத்தி மறுபடி எடுக்கும்போது கிளட்ச் கருகும் வாடை வரும். பல காப்பீடுகளில் கிளட்ச் சேதம் அடங்காது. உடல் சிறியதாக, டர்போ எஞ்சினோடு, முடிந்தால் ஆட்டோமேட்டிக்காகக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கார்கள் ஈஸ்டரில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பிரிட்டனில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, இங்கே வலப்பக்கம். போனில் வழிகாட்டி ‘குறுக்கு வழி’ என்று காட்டுவது பல சமயம் ஒரு கார் மட்டுமே நுழையக்கூடிய செங்குத்துச் சந்தாக இருக்கும். ஐந்து நிமிடம் கூடினாலும் வி.ஆர்.1 விரைவுச் சாலையையே பிடியுங்கள். சுங்கம் கிடையாது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். போர்ச்சுகல் சட்டப்படி 12 வயதுக்குட்பட்ட, 135 செ.மீ. உயரத்தை எட்டாத பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். மகளை அளந்து பார்த்துவிட்டு பூஸ்டர் இருக்கை சொல்லிவையுங்கள்.

நடைப்பாதைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; இந்தத் தீவின் சிறப்பும் ஆபத்தும் அங்கேதான். வடக்கின் மழைநீரைத் தெற்கின் வாழை, கரும்பு, திராட்சைத் தோட்டங்களுக்குக் கொண்டுவர மலைச்சரிவில் வெட்டிய சிறு வாய்க்கால்கள்தான் லெவாடா. மொத்தம் 2000 கி.மீ.க்கு மேல் ஓடுகின்றன. தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்பதால் வாட்டம் மிகக் குறைவு. ஆகவே வாய்க்காலைப் பராமரிக்கப் போட்ட ஒற்றையடிப் பாதையும் கிட்டத்தட்ட சமமாகவே போகும். சமம் என்றதும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் அகலம் அரை மீட்டர்தான். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் பள்ளம், நடுவே ஒரு கம்பிக் கயிறு. எதிரே கூட்டமாக வந்தால் யாராவது ஒருவர் வாய்க்கால் விளிம்பில் ஏறி நிற்க வேண்டும். வாய்க்காலுக்காக மலையைக் குடைந்த குகைகளில் கூரை தாழ்வு, தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும், உள்ளே இருட்டு. போன் வெளிச்சத்தில் போகிறவர்களுக்கு ஒரு கை போனைப் பிடிக்கவே போய்விடும், கம்பியைப் பிடிக்க மிஞ்சாது. நெற்றி விளக்கு ஆளுக்கொன்று வேண்டும். பெயரில் லெவாடா என்று இருந்தால் சமநடை; வெரேடா என்று இருந்தால் பெரும்பாலும் மலைப்பாதை, ஏற்ற இறக்கமும் படிகளும் இருக்கும்.

அம்மாவுக்கு ஏற்ற பாதை ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ரிபேரோ ஃப்ரியோ என்ற ஊரிலிருந்து போகும் பி.ஆர். 11, பல்கோயிஷ் (பி.ஆர். என்பது அரசு பாதைகளுக்கு இட்டிருக்கும் எண்). போக ஒன்றரைக் கி.மீ., வர ஒன்றரைக் கி.மீ.; அகலமான, ஏறக்குறைய சமமான பாதை. வெரேடா என்ற பெயர் இருந்தும் ஏற்றமில்லாத விலக்கு இது. முடிவில் பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடை. அங்கே வரும் சிறு குருவிகள் கையில் வந்து உட்காரும் அளவுக்குப் பழகியவை. மகளுக்கு இது போதும். அரியேரோ உச்சியிலிருந்து இறங்கும் வழியிலேயே ரிபேரோ ஃப்ரியோவுக்குத் திரும்பலாம் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். 1818 மீட்டர் உயரமுள்ள அரியேரோவின் உச்சிக்குப் பக்கத்திலேயே கார் போகும். அம்மா இறங்கிச் சில அடி நடந்தால் மேகக் கடல் காலடியில் தெரியும்.

அரியேரோவிலிருந்து ருய்வோவுக்குப் போகும் பி.ஆர். 1 பாதையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு வழி ஆறு ஏழு கி.மீ., நூற்றுக்கணக்கான படிகள். உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். 2024 ஆகஸ்டில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு அது நீண்ட நாள் மூடிக் கிடந்த பாதையும்கூட. உயர்ந்த சிகரத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று உங்களில் ஒருவருக்கு ஆசை இருந்தால் அஷாடா டோ டெய்ஷெய்ரா பக்கமிருந்து ஏறும் பி.ஆர். 1.2 இருக்கிறது, ஒரு வழி மூன்று கி.மீ.க்குள், கல் பாவிய பாதை. மகளும் வரலாம், மற்றவர் அம்மாவோடு சந்தானா ஊரில் காத்திருக்கலாம். கெய்மாடாஸிலிருந்து போகும் கால்டெய்ராவோ வெர்டே, பி.ஆர். 9, போய்வர 13 கி.மீ., நாலு குகை, நெடுக ஒரு பக்கம் பள்ளம். உயரம் கண்டால் தலை சுற்றும் என்பவருக்கும், துள்ளிக் குதிக்கும் பிள்ளைக்கும் அது இடமில்லை.

இரண்டாவது மலை நாளை மேற்கே வைத்துக்கொள்ளுங்கள். 1400 மீட்டருக்கு மேல் பரந்திருக்கும் பாவுல் டா செர்ரா மேட்டுநிலம், அதன் விளிம்பில் ஃபனால் காடு. பழைய தில் மரங்கள் பாசி படிந்து நிற்கும் அந்தப் புல்வெளிக்குக் காரிலேயே போகலாம், நடை கட்டாயமில்லை. மேகம் இறங்கினால் கெடாத ஒரே மலை இடம் இதுதான், மூடுபனியில்தான் அதற்கு அழகே. இது 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த லாரிசில்வா என்ற லாரல் மரக் காட்டின் பகுதி. வேர்களில் ஏறி மிதிக்க வேண்டாம் என்று மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் ரபசாலிலிருந்து 25 ஊற்றுகளுக்குப் போகும் பி.ஆர். 6 அழகுதான், ஆனால் ஈஸ்டரில் பத்து மணிக்கு மேல் அந்தக் குறுகிய பாதையில் கூட்டம் முட்டும்.

2025 தொடக்கத்திலிருந்து பல பாதைகளில் தீவுக்கு வெளியிலிருந்து வரும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டணம் உண்டு. அரசின் சிம்ப்ளிஃபிகா தளத்தில் முன்பே கட்டிவிட வேண்டும். சில பாதைகளுக்கு நேரம் குறித்துப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். தொகையும் விதியும் மாறிக்கொண்டிருப்பதால் இங்கே எழுதினால் நீங்கள் போவதற்குள் பழசாகிவிடும். எல்லாப் பாதைக்கும் இப்போதே பதிவு செய்தால் வானிலைக்கேற்ப நாளை மாற்றும் வசதி போய்விடும். கூட்டம் அதிகமுள்ள பாதை ஒன்றுக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் முன்னதாகவும், மற்றதற்கு முந்தைய இரவும் போதும். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற பட்டியலை அதே நேரத்தில் பாருங்கள். கல் சரிந்தால் ஒரே நாளில் மூடுவார்கள். மூடிய பாதையில் வேலியைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள்.

கடற்கரை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கரை பெரும்பாலும் கூழாங்கல்லும் பாறையும்தான். கல்யேட்டாவிலும் மஷீக்கோவிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் மணல் இருக்கிறது, அலைத்தடுப்புச் சுவரும் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. செய்ஷாலில் இயற்கையான கரிய மணல், பின்னால் பச்சை மலை; பார்க்க இதுவே அழகு, ஆனால் அலை வலு. போர்ட்டோ மொனிஸில் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளுக்கு நடுவே கடல்நீர் நிரம்பிய குளங்கள் உண்டு. கடல் கொந்தளித்தால் மூடிவிடுவார்கள். ஏப்ரலில் தண்ணீர் 18 டிகிரி வாக்கில்தான். பிள்ளைகள் இறங்குவார்கள், நீங்கள் கரையில் நிற்பீர்கள். ஒன்பது கி.மீ. மணற்கரை கொண்ட போர்ட்டோ சாண்டோ தீவுக்குக் கப்பலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தத் தண்ணீர்க் குளிருக்கு ஒரு நாளைச் செலவழித்து, அம்மாவுக்குக் குமட்டலையும் வரவழைக்க வேண்டியதில்லை. மகளுக்குச் சூடாக்கிய நீச்சல்குளம் உள்ள ஹோட்டலே நல்ல ஏற்பாடு. டால்ஃபின், திமிங்கிலம் பார்க்கப் போவதானால் பெரிய கட்டமரான் படகில் போங்கள். காற்றடைத்த வேகப்படகு அலையில் தூக்கிப் போடும், முதுகும் மூட்டும் தாங்காது.

வடக்குக் கரை நாளில் என்குமியாடா குகைச்சாலை வழியாக சாவோ விசென்ட், அங்கிருந்து செய்ஷால், போர்ட்டோ மொனிஸ் என்று காரிலேயே போய்வரலாம். கிழக்கு முனையான பொன்டா டி சாவோ லொரென்சோ மரமில்லாத செம்மண் நிலம். மற்ற இடத்தில் மழை என்றாலும் பல நாள் அங்கே காய்ந்திருக்கும். பி.ஆர். 8 முழுவதும் நடந்தால் போய்வர மூன்று மணி நேரம், நிழலே கிடையாது. முதல் காட்சிமுனை வரை போய்த் திரும்பினாலும் நஷ்டமில்லை. ஃபுன்ஷால் நாளில் ரோப் காரில் மோன்டேவுக்கு ஏறுங்கள். அங்குள்ள வெப்பமண்டலத் தோட்டம் சரிவில் கீழ்நோக்கிப் போகிறது, இறங்கிய அத்தனையும் திரும்ப ஏற வேண்டும் என்பதால் அம்மா மேல்பகுதியோடு நிற்கட்டும். லவ்ரதோரெஸ் சந்தையில் பழத்தை அறுத்து ருசி பார்க்கத் தருவார்கள். எடை போடும் முன் கிலோ விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலர்த் திருவிழா ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்களில் வருவது. உங்கள் வாரத்தில் இருக்கும் என்று நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

சைவம் ஃபுன்ஷாலில் சமாளிக்கக்கூடியது, கிராமங்களில் கஷ்டம். ஊரின் பெருமையான எஸ்பெடாடா மாட்டிறைச்சி, எஸ்பாடா கடல்மீன். ஏமாற்றுவது சூப்தான். காய்கறி சூப் என்பார்கள், இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருப்பார்கள்; கோதுமை சூப்பில் பன்றி இறைச்சி கிடக்கும். கருப்பட்டி நிறத்தில் விற்கும் போலோ டி மெல் கேக்கில் மரபுப்படி பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, உறையைப் பாருங்கள். பூண்டு வெண்ணெய் தடவிய போலோ டோ காக்கோ ரொட்டி பொதுவாகப் பிரச்சினையில்லை. ‘செம் கார்னி, செம் பெய்ஷி’, அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். சமையலறை உள்ள அபார்ட்மென்ட்டே சிறந்தது. அரிசி, கொண்டைக்கடலை, பருப்பு, தயிர், கொத்தமல்லி எல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். லண்டனிலிருந்து பொடியும் உலர்ந்த பருப்பும் எடுத்துப்போகலாம். நெய், பால்கோவா, தயிர் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை. தாவரச் சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலையையும் பிடுங்கிவிடுவார்கள்.

இனி, இதையெல்லாம்விட முன்னால் முடிக்க வேண்டியது விசா. மதீரா போர்ச்சுகலின் பகுதி, ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் பிரிட்டன் விசிட்டர் விசா இருந்தாலும் அம்மாவுக்குத் தனியாக ஷெங்கன் விசா வேண்டும். அதை அவர் வாழும் நாட்டில் விண்ணப்பிப்பதே விதி. லண்டன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஏன் ஊரில் விண்ணப்பிக்கவில்லை என்ற காரணத்தை நிரூபிக்க வேண்டிவரும், ஏற்காமலும் போகலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். முழங்கால் வலி போன்ற பழைய நோய்க்கு அது செல்லுமா என்று தனியாகக் கேளுங்கள். திரும்பி லண்டனுக்குள் நுழையப் பிரிட்டன் விசா பலமுறை நுழைவுக்கானதா என்றும் பாருங்கள். நடக்கலாமா, எவ்வளவு நடக்கலாம் என்பது அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டியது. நான் தூரத்தையும் சரிவையும் மட்டுமே சொல்ல முடியும்.

விமானத்திலும் ஒரு சங்கதி. மலைக்கும் கடலுக்கும் நடுவே, கடலோரம் தூண்கள் நட்டு 2000இல் 2781 மீட்டராக நீட்டிய ஓடுதளம் மதீரா விமான நிலையத்தினுடையது. மலையில் மோதிச் சுழலும் காற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். தாண்டினால் இறங்கவிட மாட்டார்கள். விமானம் சுற்றிக் காத்திருக்கும், இல்லையென்றால் போர்ட்டோ சாண்டோவுக்கோ லிஸ்பனுக்கோ கேனரித் தீவுகளுக்கோ போகும். இது பாதுகாப்புக் குறைவல்ல, பாதுகாப்பே அதுதான். வானிலை காரணமென்றால் இழப்பீட்டுப் பணம் பொதுவாகக் கிடைக்காது; ஆனால் சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் கடமை, ரசீதுகளை வைத்திருங்கள். லண்டனிலிருந்து நேரடியாகச் சுமார் நாலு மணி நேரம். லிஸ்பனில் மாறுவதானால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் முதலாவது தாமதித்தால் இரண்டாவது உங்கள் பாடு. அம்மாவின் சென்னை விமானத்தை மதீராவிலிருந்து திரும்பும் நாளுக்குக் குறைந்தது மூன்று நாள் தள்ளி வையுங்கள். அவருடைய மாத்திரைகள், ஒரு மாற்றுடை, மருந்துச் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி அன்றிரவு உங்களோடு வராமல் போகலாம்.